மோத்தா என்றால் முத்தா?

வாசகர் கேள்வி, ஜூன் 9

தூத்துக்குடிப் பரதவர் சிலருக்கு ‘மோத்தா’ என்று கடைசிப் பெயர் இருக்கிறதே, அது ‘முத்து’தானே? முத்துக்குளித்துறையில் இருந்த குடும்பத்துக்கு முத்து என்று பெயர், அதைப் போர்த்துக்கீசியர் தங்கள் வாய்க்கு வந்தபடி எழுதிவைத்தார்கள். இதில் ஆராய என்ன இருக்கிறது?

ஜூன் 9, இரவு

இல்லை. எனக்கே அந்தப் பெயர்தான், அதனால் கொஞ்சம் சூடாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போர்ச்சுக்கலில் ‘மோத்தா’ என்று ஒரு குடும்பப் பெயர் உண்டு. அங்கே அபூர்வமே இல்லை, தெருவுக்கு ஒருவர் கிடைப்பார். பொருள் மண்மேடு. அந்தக் காலத்தில் மண்ணைக் குவித்து உயர்த்தி அதன்மேல் சின்னதாக ஒரு கோட்டை கட்டுவார்கள், அந்த மேடு. பிரெஞ்சில் ‘லா மோத்’ என்று வருவதும் அதே வேர்தான். முத்தும் கிடையாது, சிப்பியும் கிடையாது.

ஜூன் 9, இன்னும் கொஞ்சம் கழித்து

பெயரால் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். புனேயில் 11 வருஷம் வேலை பார்த்தேன். சேர்ந்த முதல் நாள் அலுவலகத்தில் என் பெயரை வாசித்தவர் என் வயிற்றைப் பார்த்தார், பெயர் அட்டையைப் பார்த்தார், சிரித்தார். ‘மோட்டா’ என்றால் இந்தியில் குண்டன். குஜராத்தி சகா ஒருவர் மட்டும் பெருந்தன்மையாக, “எங்கள் ஊரில் மோட்டா என்றால் பெரியவர், அண்ணனைக்கூட மோட்டாபாய் என்போம்” என்று தேற்றினார். கொழும்பு போனால் அங்கே வேறு விதம். சிங்களத்தில் ‘மோடயா’ என்றால் முட்டாள். ஆக வடக்கே குண்டன், தெற்கே முட்டாள், நடுவில் தூத்துக்குடியில்தான் மனுஷன்.

ஜூன் 10

மின்னஞ்சலில் ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். போர்ச்சுக்கலில் ஆங்கில எழுத்து ‘டி’ மட்டும் போட்டு (Mota) எழுதுகிறார்கள், நீங்கள் ஏன் பக்கத்தில் ஒரு ‘ஹெச்’ போடுகிறீர்கள் (Motha) என்று.

அந்த ஹெச் தமிழ் போட்டது. போர்த்துக்கீசியரின் ‘டி’ எழுத்துக்கு உச்சரிப்பு பல்லில் நாக்கு படுகிற த. ஆங்கிலேயர் சொல்லும்போது அதுவே நம் காதில் ட. வீட்டுக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. போர்த்துக்கீசியரிடம் வாங்கியது துவாலை, ஆங்கிலேயரிடம் வாங்கியது டவல். சட்டைக்குப் போடுவது அவர்களிடமிருந்து பொத்தான், இவர்களிடமிருந்து பட்டன். இரண்டு ஜோடியும் ஒரே பொருள்தான், வந்த கப்பல்தான் வேறு. வாத்துகூட அவர்கள் மொழியின் ‘பாத்து’தான். அந்தோணியாரை யாராவது அன்டோனி என்று சொல்லியிருக்கிறோமா?

அப்படி ‘மோத்தா’ என்று காதில் விழுந்த பெயரைப் பிறகு ஆங்கிலத்தில் எழுத வேண்டி வந்தபோது, த-வுக்கு ‘டி, ஹெச்’ என்கிற நம் ஊர் வழக்கப்படி ஹெச் ஒட்டிக்கொண்டது. எங்கள் குடும்பத்தில் எப்போதுமே ஹெச் உண்டு.

ஜூன் 12

கேள்வி கேட்டவர் விடவில்லை. “குமரியைப் போர்த்துக்கீசியர் ‘கொமொரிம்’ என்றுதானே எழுதினார்கள்? கு என்பது கொ ஆகும்போது மு என்பது மோ ஆகாதா?” என்கிறார்.

நியாயமான அடி. இரண்டு நாள் ஆகிறது, எனக்குப் பதில் தெரியவில்லை. ராத்திரி படுத்துக்கொண்டு முத்து, மொத்து, மோத்து என்று சொல்லிப் பார்த்ததில் வீட்டுக்காரி தள்ளிப் படுத்துக்கொண்டாள்.

ஜூன் 13

கிடைத்துவிட்டது. போர்த்துக்கீசியத்தில் அழுத்தம் விழாத ‘ஓ’ எழுத்து ஏறக்குறைய உ போல ஒலிக்கும். ‘கொமொரிம்’ என்ற சொல்லில் அழுத்தம் கடைசி ‘ரிம்’ மேல். முன்னால் இருக்கிற கொ, மொ எல்லாம் அவர்கள் வாயில் கு, மு மாதிரிதான் போகும். அதாவது அவர்கள் குமரியைக் கெடுக்கவில்லை, கேட்டதைத்தான் எழுதினார்கள். ஆங்கிலேயர் வந்து எழுத்தைப் பார்த்து ‘காமரின்’ என்று படித்துக் கெடுத்தார்கள்.

மோத்தாவில் அழுத்தம் முதல் அசையிலேயே இருக்கிறது. வாயைத் திறந்து சொல்கிற ஓ. முத்து என்ற சொல்லைக் கேட்டவன் அழுத்தம் விழும் இடத்தில் உ-வை உ என்றேதான் எழுதியிருப்பான். தூத்துக்குடியை அவர்கள் எழுதிய ‘துத்துக்கொரிம்’ பாருங்கள், முன்னாலுள்ள துத்து அப்படியே நிற்கிறது. கடைசியில் உகரம் ஆ ஆனதற்கும் காரணம் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு முத்துக்கு அவர்களிடமே சொல் இருந்தது, ‘பெரோலா’. பொடி முத்துக்குத் தனியாக ‘அல்ஜோபர்’. எங்கள் கரைக்கே ‘பெஸ்கரியா’ என்று, குளித்துறை என்ற பொருளில்தான் பெயர் வைத்திருந்தார்கள்.

ஆனால் ஒன்று. முத்துக்கட்சியைச் சிரித்துத் தள்ளியது என் தப்பு. கொமொரிம் தெரியாமலே பதில் எழுதியவன் நான்.

ஜூன் 20

பலர் கேட்பது: அப்போ நீங்கள் போர்த்துக்கீசியர் வம்சமா?

கண்ணாடி இருக்கிறது வீட்டில். இல்லை.

நடந்தது இதுதான். 1530-களில் முத்துக்குளிப்பு உரிமைக்காக எங்கள் ஆட்களுக்கும் கரையோர முஸ்லிம் வியாபாரிகளுக்கும் பெரிய தகராறு. நடுவில் வருகிறார் ஜோவா த குரூஸ். பெயரைப் பார்த்து வெள்ளைக்காரர் என்று நினைக்க வேண்டாம், மலையாளக் கரைக்காரர், குதிரை வியாபாரி. சின்ன வயதில் கோழிக்கோட்டு அரசர் சாமூதிரி அனுப்பி 1513-ல் லிஸ்பன் போய் அங்கே ஞானஸ்நானம் வாங்கித் திரும்பியவர். பரதவத் தலைவர்களிடம் கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசியர் துணையைக் கேளுங்கள், பதிலுக்கு வேதத்தில் சேருங்கள் என்று வழி சொன்னது அவர்தான். பட்டங்கட்டிகள், அதாவது அந்தத் தலைவர்கள், போனார்கள். கொச்சியிலிருந்து மிகேல் வாஸ் சாமியார் வந்தார். 1537-க்குள் ஏறத்தாழ 20,000 பேர் ஞானஸ்நானம் வாங்கியதாகக் கணக்கு.

ஞானஸ்நானத்துக்கு ஒரு ஞானத்தகப்பன் வேண்டுமே? சாட்சி நின்றவர், கப்பல் தலைவர், சாமியார், யார் பெயரோ வந்து ஒட்டியது. எங்கள் தெருவில் வாஸ் இருக்கிறார், குரூஸ் இருக்கிறார். என் பெயரும் யாரோ ஒரு மோத்தா கடற்கரையில் நின்ற நேரத்தில் வந்திருக்க வேண்டும். அவன் சிப்பாயா, கணக்கனா, நல்லவனா, எனக்குத் தெரியாது. அவன் பேரைத்தான் 480 வருஷமாகச் சுமக்கிறோம். வட்டி கேட்டு வராமல் இருந்தால் சரி.

சவேரியார் ஒவ்வொருவருக்கும் பெயரை எழுதிக் கையில் கொடுத்தார் என்றும் ஒரு கடிதத்தில் இருக்கிறது. அப்படி ஒரு ஓலையில்தான் எங்கள் பெயரும் வந்ததோ என்னவோ.

ஜூன் 21

நேற்று எழுதியதில் கடைசி வரி தப்பு. சவேரியார் எங்கள் பக்கம் வந்தது 1542-ல். எங்கள் ஆட்கள் அதற்கு ஐந்தாறு வருஷம் முன்பே ஞானஸ்நானம் ஆனவர்கள். பெயரை எழுதிக் கொடுத்ததாக அவர் சொல்வது 1545 கடிதத்தில், திருவிதாங்கூர்க் கரை மீனவரான முக்குவரைப் பற்றி. ஒரே மாதத்தில் 10,000-க்கு மேற்பட்டவர்கள் என்கிறார். ஆண்களுக்குப் பெயரை எழுதிக் கொடுத்து, வீட்டுக்குப் போய்ப் பெண்டு பிள்ளைகளை அனுப்பச் சொன்னாராம். அதுவும் அந்தோணி, பவுல் மாதிரி ஞானஸ்நானப் பெயர். கடைசிப் பெயர் அல்ல.

ஓலைக் கதை அழகாக இருந்தது, விட மனசில்லாமல்தான் சேர்த்தேன்.

ஜூன் 28

இனி தலைக்கணக்கு. மொத்தம் எத்தனை மோத்தா இருக்கிறோம்?

குடும்பப் பெயர்களை நாடுவாரியாக எண்ணிக் காட்டும் தளங்கள் சில இருக்கின்றன. ஹெச் போட்டு அடித்துப் பார்த்தேன். முதலிடத்தில் தென்னாப்பிரிக்கா! இந்தியா பின்னால் எங்கேயோ. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 1860-லிருந்து நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பல் கப்பலாகத் தமிழர்கள் போனார்களே, அதில் எங்கள் ஆள் ஒருவர் போய் வம்சம் பெருக்கியிருக்க வேண்டும். அண்ணனுக்குப் போன் போட்டேன். “டர்பனில் நமக்குச் சொந்தம் இருக்கு” என்றேன். அண்ணன், “சொத்து இருக்கா பாரு” என்றான்.

ஜூலை 1

சொத்தும் இல்லை, சொந்தமும் இல்லை.

அந்த மோத்தாக்கள் எல்லாம் ஆப்பிரிக்கர்கள், ஸ்வாசி, ஜூலு மக்கள். அது அவர்கள் குலப்பெயர். ஸ்வாசி மொழியில் ‘மோத்சா’. ஸ்வாசியில் ‘த்ச’ வருகிற இடத்தில் ஜூலுவில் ‘த’ வரும். எடு என்பதற்கு ஸ்வாசியில் ‘த்சாத்ச’, ஜூலுவில் ‘தாத’. அந்த விதிப்படி மோத்சா அங்கே மோத்தா. அவர்கள் எழுத்தில் ஹெச் என்பது த-வுக்குப் பின்னால் காற்று வருவதைக் காட்ட. எங்கள் எழுத்தில் ஹெச் என்பது ட இல்லை த என்று காட்ட. இரண்டு கண்டத்துக்கும் சேர்த்து ஒரே ஆங்கில எழுத்துக்கூட்டு, அவ்வளவுதான் உறவு.

ஆக அந்தத் தளங்கள் எண்ணுவது ஆட்களை அல்ல, எழுத்துகளை. ஹெச்சோடு தேடினால் சம்பந்தமில்லாத ஆப்பிரிக்கர் வருகிறார்கள். ஹெச் இல்லாமல் தேடினால் போர்ச்சுக்கலும் பிரேசிலும் கொட்டுகின்றன. நடுவில் நாங்கள் எங்கே?

ஜூலை 2

அண்ணன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

ஜூலை 9

சரி, தூத்துக்குடியிலேயே எண்ணலாமே என்று யோசனை சொன்னீர்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு குடும்பப் பெயர்வாரியாக எதுவும் வெளியிடுவதில்லை. வாக்காளர் பட்டியலில் நம் பெயர், தகப்பன் பெயர், அவ்வளவுதான். கடைசிப் பெயர் எழுதியவனும் உண்டு, எழுதாதவனும் உண்டு.

என் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவோடு பிறந்தவர்கள் நாலு பேர். பெரியப்பா பெயரை முழுசாக மோத்தா என்று போடுவார். அப்பா முன்னால் ‘எம்’ என்று ஒரு இனிஷியலாக வைத்துக்கொண்டார், கேட்டால் மரியதாஸ் என்று நினைப்பார்கள். ஒரு சித்தப்பா பள்ளியில் சேர்த்த வாத்தியார் ‘இதெல்லாம் எதற்கு’ என்று வெட்டிவிட்டதால் வெறும் ஜேசுராஜன். கடைசிச் சித்தப்பா தமிழ் உணர்வில் தானே எடுத்துப்போட்டார். நான் மறுபடி ஒட்டவைத்தேன், பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று ஏஜென்ட் பயமுறுத்தியதால். ஒரே ரத்தம், பட்டியலில் நாலு விதம். இதில் அபூர்வம் எது, மறைவு எது?

எங்களுக்கு மட்டுமல்ல. நடிகர் சந்திரபாபு தூத்துக்குடிக்காரர், முழுப் பெயர் ஜோசப் பனிமயதாஸ் ரொட்ரிகஸ். 1927 ஆகஸ்டில், பனிமய மாதா திருவிழாச் சமயத்தில் பிறந்த பிள்ளை, அதனால் பனிமயதாஸ். திரையில் ஜே.பி. மட்டும் மிஞ்சியது. பெயர்ப்பட்டியலை வைத்து எண்ணுகிறவன் ஒரு ரொட்ரிகஸைக் கோட்டை விடுவான்.

ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து, வல்லநாட்டிலிருந்து ஊருக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்த நகராட்சித் தலைவர். தமிழில் பர்னாந்து, ஆங்கிலத்தில் பெர்னாண்டஸ். இது சின்ன வித்தியாசம் இல்லை. பர்னாந்து ஆளின் பெயர், பெர்னாண்டஸ் என்றால் ‘பர்னாந்துவின் மகன்’. ரொட்ரிகோ, ரொட்ரிகஸும் அப்படியே. கோவாவில் மகன்கள்தான் அதிகம், பெர்னாண்டஸ், ரொட்ரிகஸ். நம் கரையிலும் இலங்கையிலும் அப்பன்மாரே கடைசிப் பெயராக நிற்கிறார்கள், பர்னாந்து, ரொட்ரிகோ. என் ஊகம், இங்கே ஞானத்தகப்பனுடைய முதற்பெயரையே பிடித்துக்கொண்டார்கள். ஊகம்தான், யாராவது உடைத்தால் சந்தோஷம்.

எல்லாரும் வெளிப்பெயர் வாங்கவும் இல்லை. வில்லவராயர், பூபாலராயர் என்று எங்களுக்குள்ளேயே பழைய தமிழ்ப் பட்டத்தைக் கடைசிப் பெயராக வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். சின்ன வயதில் எனக்கு அவர்கள்மேல் பொறாமை. நாங்கள் மண்மேடு, அவர்கள் ராயர். மச்சாது என்றால் கோடாரி, கொரேரா என்றால் தோல்வார் என்று பின்னால் தெரிந்தபிறகு ஆறுதல்.

ஜூலை 19

இலங்கை பற்றிக் கேட்டவருக்கு. அங்கே எங்களைப் ‘பரதர்’ என்று தனி இனமாக எண்ணுகிறார்கள். 2001, 2012 கணக்கெடுப்பு இரண்டிலும் 2,000-க்குக் கீழேதான் வந்தது. அதில் மோத்தா ஒரு பிடி. ஆனால் இந்த எண்ணையும் அப்படியே நம்பவேண்டாம். மேற்குக் கரையில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கம் பல தலைமுறைக்கு முன்பே போனவர்கள் சிங்களவராகவே ஆகிவிட்டார்கள். பர்னாந்து அங்கே நாட்டிலேயே மிகப் பெரிய பெயர்களில் ஒன்று. தனியாகப் பரதர் என்று பதிந்துகொள்கிறவர்கள் பெரும்பாலும் பின்னால் வியாபாரத்துக்குப் போன குடும்பங்கள்.

போவதும் ஒரு விஷயமாக இருக்கவில்லை. 1914-ல் தனுஷ்கோடி வழி திறக்கும்வரை ரயில் ஏறி வந்தவர்கள் தூத்துக்குடியில்தான் கொழும்புக் கப்பல் பிடித்தார்கள். 1906-ல் வ.உ.சி. கப்பல் விட்டதும் அதே தடத்தில். என் பாட்டிக்கு மதுரையைவிடக் கொழும்பு பக்கம். “மருத” என்பாள், ஏதோ வெளிநாடு மாதிரி.

ஆகஸ்ட் 6

திருவிழாவுக்கு ஊருக்குப் போய் இப்போதுதான் திரும்பினேன். அத்தை வீட்டில் இரும்புப் பெட்டி ஒன்று. அதில் நாப்தலின் உருண்டையோடு கோயில் பதிவேட்டு நகல், அவளுடைய தாத்தாவின் கலியாணத்துக்கு எடுத்தது. லத்தீனில், பழுப்பு மசி. பெயர் இருக்கும் இடத்தில் காகிதம் மடிப்பில் கிழிந்து, அரிசிப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு ‘டி’. ஹெச் இல்லை.

ஜூன் 10-ல் ‘எங்கள் குடும்பத்தில் எப்போதுமே ஹெச் உண்டு’ என்று எழுதினேனே, அதை அடித்துவிடுங்கள். இரட்டை ‘டி’ பழைய போர்த்துக்கீசிய எழுத்துக்கூட்டு. 1911 எழுத்துச் சீர்திருத்தத்தில் அவர்கள் ஒன்றை எடுத்துவிட்டார்கள். பிரேசிலில் பெயர்களில் இன்னும் சிலர் இரட்டையே போடுகிறார்கள். அதே பெட்டியில் என் தாத்தாவின் பள்ளிச் சான்றிதழ், ஆங்கிலத்தில். அதில் ஹெச் வந்துவிட்டது, ஒரு ‘டி’ போய்விட்டது. இரண்டு காகிதத்துக்கும் நடுவில் யாரோ ஒரு தமிழ் வாத்தியார் வகுப்பில் பெயர் கூப்பிட்டுக் கேட்டு, காதில் விழுந்த த-வை எழுதியிருக்கிறார்.

அத்தையிடம் முத்துக் கட்சியையும் சொன்னேன். சிரித்தாள். “எங்கப்பா சிப்பி வாடை பிடிக்காதுன்னு உப்பு யாவாரத்துக்குப் போனவரு” என்றாள்.

ஆகஸ்ட் 8

அண்ணன் மகளுக்கு டொரன்டோவில் பெண் குழந்தை. பிறப்புப் பதிவுக்குக் கடைசிப் பெயர் எழுத வேண்டும், மாப்பிள்ளை தஞ்சாவூர்ப் பக்கம், இனிஷியல்காரர், அவருக்கு எதுவானாலும் சரியாம். வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள்: “சித்தப்பா, ஹெச் வேணுமா வேண்டாமா? இங்கே எல்லாரும் மாத்தா, மாத்தான்னு கூப்பிடுறாங்க.”

வேணும் என்று அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது, பதில் இன்னும் இல்லை. அங்கே இப்போது நடுராத்திரி.